பாதி மாத்திரை

என் தம்பி சரிகையை எடை போட ஆரம்பித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் எங்கள் வீடு. ஒரு தறி, இரண்டு பேர். தம்பி நெய்வான், நான் பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூல் ஓடும் கட்டையைத் தள்ளி, கரைக்கு நாடா போடுவேன். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வரும் கோர்வைச் சேலையை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு நான் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். மிஞ்சியது அவனும் நானும். அவனைவிட எனக்கு ஒன்பது வயது கூட. அதனால் அந்த வீட்டில் அக்கா, அம்மா, அதிகாரி எல்லாம் நான்தான்.

பட்டும் சரிகையும் முதலாளி வீட்டில் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். சேலையை முடித்துக் கொண்டுபோனால் மறுபடி எடை போட்டுத்தான் வாங்குவார்கள். நடுவில் யாரும் எடை போடுவதில்லை. இவன் போட்டான். காலையில் தறிக்குழியில் இறங்குமுன் ஒருமுறை, சாயங்காலம் ஏறிய பின் ஒருமுறை. அதற்கென்று கடையில் சின்னதாக ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கி வந்தான். "பையனுக்குப் பொறுப்பு வந்துடுச்சு" என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். இனி பெண் பார்க்க ஆரம்பிக்கலாம் என்றுகூட எண்ணினேன். இரண்டு தடவை போகப்போகப் பத்துத் தடவையானது. முப்பத்திரண்டு வயதுக்காரன் ஒரு நூல்கண்டை ஒரு நாளில் பத்துத் தடவை எடை போடுகிறான், நான் பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். அப்படியொரு மக்கு.

பிறகு தூக்கம் குறைந்தது. பக்கத்து வீட்டுத் தறி தன் பேரைச் சொல்லிச் சொல்லி நெய்கிறது என்றான். நான் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது என் முன்னால் வந்து நின்று, "அக்கா, முந்தானைய ஒதறு" என்றான்.

"எதுக்குடா?"

"சரிகை கொறையுது. நீதான் எடுக்கறேன்னு சொல்றாங்க."

"யார் சொல்றாங்க?"

அவன் சுவரைக் காட்டினான். முந்தானையை உதறிக் காட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

முதலில் தெருமுனை டாக்டரிடம் போனோம். தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். தூங்கினான், எழுந்ததும் தராசை எடுத்தான். பிறகு ஒரு இடத்தில் தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தோம். தலையில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். உறவில் ஒரு பெரியம்மா கயிறு கட்டிவிட்டுப் போனார். கட்டியவர் சும்மா போயிருக்கலாம். "பொண்ணு பாக்கற நேரத்துல வெளிய தெரியாம பாத்துக்கோ" என்றும் சொல்லிவிட்டுப் போனார். கயிறு ஒரு வாரத்தில் அவிழ்ந்துவிட்டது. அந்தப் பேச்சு மட்டும் என்னைவிட்டுப் போகவே இல்லை.

வெளியே தெரியாமல் மனநல மருத்துவரைத் தேடுவது என்றால், யாரையும் வழி கேட்காமல் ஊர் போவதுதான். முழங்கால் வலிக்கு யாரிடம் போகலாம் என்று கேட்டால் எங்கள் தெருவில் பத்துப் பேர் பத்து டாக்டர் பேர் சொல்வார்கள். இதை யாரிடம் கேட்பது? ஒரு மருந்துக்கடைப் பெண்ணிடம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, "எங்க தூரத்துச் சொந்தக்காரங்க ஒருத்தருக்கு" என்று ஆரம்பித்தேன். அவள் முழுதும் கேட்காமலே ஒரு ஸ்கேன் சென்டர் மாடியைச் சொன்னாள். வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் வெளியூரிலிருந்து ஒரு டாக்டர் அங்கே வருகிறாராம்.

அந்த மாடிப்படியில் ஒரு பலகை இருந்தது. நரம்பு, தலைவலி, தூக்கமின்மை என்று மேலே பெரிய எழுத்தில். மனநலம் என்பது அடியில், படி ஏறிக் கிட்டே போனால்தான் தெரியும். பலகை எழுதச் சொன்னவருக்கு எங்கள் ஊரை நன்றாகத் தெரிந்திருக்கிறது. நானும் யாராவது பார்த்தால் தலைவலி என்று சொல்லத் தயாராகத்தான் போனேன்.

அவர் நல்ல டாக்டர். பத்து நிமிடம் பேசினார். சரிகை திருடுபவர்களைப் பற்றித் தம்பி சொன்னதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "இது வியாதிம்மா. சர்க்கரை மாதிரி, பிரஷர் மாதிரி. மாத்திரையில கட்டுப்படும்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு அங்கேயே அழுதுவிட்டேன். வியாதி என்று ஒருவர் சொல்லும்வரை அதை நான் என் பாவம், அவன் விதி, அம்மா செய்த ஏதோ தப்பு என்றெல்லாம்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாத்திரையும் வேலை செய்தது. ஆனால் பீஸும் மாத்திரையும் சேர்ந்து எங்கள் கூலியை விழுங்கின. அவன் நெய்யாமல் உட்கார்ந்திருந்த காலம் அது. நான் வேறு வீட்டுத் தறிகளில் பக்கத்து ஆளாகப் போய் வந்துகொண்டிருந்தேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இரண்டு மாதம் ஓட்டினேன். மூன்றாம் மாதம் முடியவில்லை.

சென்னையில் இலவசமாகப் பார்க்கிற பெரிய மருத்துவமனை இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அங்கே போக ஆரம்பித்தோம். அமாவாசை அன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. மற்ற நாள் போனால் கூலி போகும், தெருவும் ஏன் என்று கேட்கும். அதனால் அமாவாசைக்கு அமாவாசை போனோம். விடியற்காலையில் தெருமுனையில் எப்போதும் நிற்கும் ஆட்டோ, அதில் பஸ் நிலையம், அங்கிருந்து சென்னை பஸ். போய் வரிசையில் நின்று, பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, தம்பியை ஜன்னலோரம் உட்காரவைத்துத் திரும்பினால் பொழுது சாய்ந்திருக்கும். கூட்டத்தில் அவனுக்குப் பயம் அதிகமாகும். வரிசையில் என் கையைப் பிடித்துக்கொண்டே நிற்பான். மீசை நரைக்கத் தொடங்கிய ஆள் அக்கா கையைப் பிடித்து நிற்பதைப் பார்த்து யாரும் அங்கே சிரிக்கவில்லை. அங்கே நின்ற எல்லார் கையையும் யாராவது பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

தெருவில் கேட்டவர்களிடம் மாமா வீட்டுக்கு என்று சொல்லிவைத்திருந்தேன். ஆனால் தெருவுக்குக் கணக்கு நன்றாக வரும். மாதாமாதம் அமாவாசையன்று அக்காவும் தம்பியும் விடியுமுன் கிளம்புகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? "அவனுக்கு அமாவாசையானா ஏறுதாம், எங்கியோ கூட்டிக்கினு போயி மந்திரிக்கிறாளாம்" என்று பேச்சு கிளம்பிவிட்டது. தறி விடுமுறை என்பதால்தான் அந்த நாளில் போகிறேன் என்று, அதே நாளில் தங்கள் தறியையும் நிறுத்தி வைத்திருக்கிற ஒருவருக்கும் தோன்றவில்லை. காதும் காதும் வைத்தாற்போல் செய்ய நினைத்த காரியம் இப்படி ஆனது.

ஏழாவது மாதம், பஸ் நிலையத்தில் இறங்கும்போது ஆட்டோக்காரர் என்ஜினை நிறுத்தினார். மாகறல் பக்கத்துக்காரர். அவர் அப்பா பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர், இவர் சொந்த ஆட்டோ வைத்திருந்தார். கண்ணாடியில் சின்னச் சிலுவை ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். அதிகம் பேசமாட்டார்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளுப்பா."

"மெட்ராஸ்ல மாமா வூடுன்றது ஆஸ்பத்திரிதானே?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. "உனக்கெதுக்குப்பா அது?" என்றேன்.

"எங்க வூட்டுக்காரிக்கு மூணு வருசமா மாத்திரை ஓடிக்கினு இருக்குது. இங்கயே, நம்ம பெரியாஸ்பத்திரியிலயே பாக்கறாங்க. மனநல டாக்டர் இருக்காங்க. மாத்திரை எல்லாம் சும்மாவே குடுக்கறாங்க. நீங்க இன்னாத்துக்கு இவர இவ்ளோ தூரம் இழுத்துக்கினு போறீங்க?"

என் வீட்டிலிருந்து அந்த மருத்துவமனைக்கு நடந்தே போகலாம். தம்பியைச் சென்னைக் கூட்டத்தில் நிறுத்தி நடுங்கவைத்த ஏழு மாதமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அவர் மேலேயே பாய்ந்தேன். "ஏன்பா, ஏழு மாசமா உன் வண்டியிலதானே வரேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க மாமா வூட்டுக்குன்னு சொன்னீங்க. நான் இன்னான்னுக்கா சொல்றது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வூட்டு விசயத்தையும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்" என்றார்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் ஏறவில்லை. அடுத்த மனநல வெளிநோயாளர் நாளில் நான் அங்கே போய்ச் சீட்டு வாங்கினேன். காத்திருந்தவர்களில் எங்கள் தெருக்காரி ஒருத்தி இருந்தாள், புருஷனோடு. என்னைப் பார்த்ததும் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். நானும் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்புச் சுவரொட்டியை வரிவரியாகப் படித்தேன். இரண்டு மணி நேரம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுந்துபோனோம்.

அங்கே அப்போது ஒரு இளம் டாக்டரம்மா இருந்தார். பழைய சீட்டுகளையெல்லாம் பார்த்துவிட்டு மாத்திரையை ஒழுங்கு செய்தார். மூன்றே மாதத்தில் என் தம்பி எனக்குத் திரும்பிக் கிடைத்தான். அதை எப்படிச் சொல்வது? ஒருநாள் நான் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவன் ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னாக்கா, டாக்டரு எனக்கு பிரஷர்னு எதுனா சொன்னாரா?" என்றான். ஒரு வருஷத்துக்கு மேலாகக் கேட்காத கிண்டல். அடுப்படிக்குப் போய்த் திரும்பி நின்று அழுதேன். தராசை அவனே ஒரு துணியில் சுற்றிப் பரணில் போட்டான். பக்கத்து வீட்டுத் தறி சும்மா தறியாகிவிட்டது. அவன் மறுபடி குழியில் இறங்கி உட்கார்ந்தான்.

ஒரே ஒரு குறை. கை நடுங்கியது.

பெரிய நடுக்கம் இல்லை. டீ தம்ளரைப் பிடித்தால் விளிம்பு லேசாகத் துடிக்கும், அவ்வளவுதான். வேறு வேலை செய்பவனாக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கோர்வை என்பது உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றை ஒன்று கவ்வும் இடம். அங்கே விரல் ஒரு நூலளவு தவறினாலும் பல் விழுந்த வாய் மாதிரி சந்து தெரியும். அவன் நெய்த முதல் சேலையை முதலாளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாமா இது, கோர்வை இப்டி இளிச்சிக்கினு கெடக்குது? உன் தம்பி கையா இது?"

அவர் கெட்டவர் இல்லை. ஒரு கல்யாணச் சேலை இருக்கிறது, முகூர்த்தத்துக்குள் வேண்டும், நன்றாக வந்தால் பாவு முழுவதும், அதாவது மூன்று சேலையும், உங்களுக்கே, இல்லையென்றால் வேறு தறிக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். அதில் தப்பு சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் நான் அந்த டாக்டரம்மாவிடம் போய்க் கை நடுங்குகிறது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். பயம் ஒரு காரணம், தறியில் உட்காராதே என்று சொல்லிவிடுவாரோ என்று. ஆனால் அது மட்டும் இல்லை. பழக்கம். தறியில் இழை அறுந்தால் நாமே முடிச்சுப் போடுவோம். கறை பட்டால் நாமே எடுப்போம். பழுதை வீட்டிலேயே சரிசெய்து, மடித்து, நல்ல பக்கம் மேலே வரும்படி முதலாளி முன்னால் வைப்போம். பழுதைக் காட்டுவது நம் வேலை இல்லை, அதைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. சின்ன வயதிலிருந்து அப்படியே வளர்ந்தவள் நான். டாக்டரிடமும் தம்பியை அப்படித்தான் கொண்டுபோனேன். போகுமுன் முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, "கேட்டா நல்லா தூங்கறேன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்து அழைத்துப்போவேன். டாக்டரம்மா, "எப்படி இருக்கார்? வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். "எல்லாம் நல்லா இருக்குதுங்கம்மா" என்பேன். அவன் கைகளை மடியில் வைத்து ஒன்றின்மேல் ஒன்று பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

பழுதை நானே சரிசெய்தேன். மாத்திரையைப் பாக்குவெட்டியில் வைத்து அழுத்தினால் நேராக இரண்டாகும். வியாதி முற்றியிருந்த நாளில் மாத்திரையைத் துப்பிவிடுவான் என்பதால் நானே வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்துப் பழகியிருந்தேன். அது அப்படியே தொடர்ந்தது. "ஆ காட்டு" என்பேன், காட்டுவான். அதனால் முழுதா பாதியா என்று அவன் பார்க்க வழியில்லை. பத்துப் பதினைந்து நாளில் நடுக்கம் குறைந்தது. எனக்கு என்ன சந்தோஷம்! டாக்டருக்கே தெரியாத ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்ட மாதிரி. மாதாமாதம் கொடுத்த மாத்திரை மிச்சமானது. மிச்சமானவற்றை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிவைத்தேன், சிக்கனக்காரி.

அந்தக் கல்யாணச் சேலை அற்புதமாக வந்தது. மாம்பழ மஞ்சள் உடல், கருஞ்சிவப்புக் கரை. கோர்வையில் ஊசி முனை நுழையாது. முதலாளி அதைத் தடவிக்கொண்டே இருந்தார். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு நிறுத்தி முழு மாத்திரைக்குத் திரும்பியிருக்கலாம். அதே பாவில் இன்னும் இரண்டு சேலை மிச்சமிருந்தது. முடிக்கட்டும் என்று நினைத்தேன்.

மூன்றாவது சேலை பாதியில் இருந்தபோது ஒருநாள் காலை கடைக்குப் போய்விட்டு வந்தேன். தறியில் அவன் இல்லை. பரணிலிருந்த துணி கீழே கிடந்தது. தராசும் இல்லை, சரிகைக் கண்டுகளும் இல்லை.

தெருத்தெருவாக ஓடினேன். இத்தனை நாள் மறைத்ததையெல்லாம் ஒரே மணி நேரத்தில் வாய்விட்டுக் கத்தினேன். "என் தம்பிக்கு உடம்பு சரியில்ல, பாத்தீங்களா, என் தம்பிக்கு மனசு சரியில்ல, பாத்தீங்களா" என்று. யாரும் முகம் சுளிக்கவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மருத்துவமனையில் முந்தானையை இழுத்துக்கொண்டாளே, அவள்தான் முதலில் செருப்பைக்கூடப் போடாமல் என்னோடு ஓடிவந்தாள்.

ஆட்டோக்காரர்தான் கண்டுபிடித்தார். திருப்புட்குழி தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக, வேலூர் பக்கமாக நடந்துகொண்டிருந்தானாம். உச்சி வெயில், காலில் செருப்பில்லை. மார்போடு ஒரு பையைக் கட்டிப் பிடித்திருந்தானாம். கேட்டதற்கு, எல்லாரும் சேர்ந்து சரிகையைத் திருடுகிறார்கள், பத்திரமான இடத்தில் சேர்க்கப் போகிறேன் என்றானாம். லாரிகள் அவனை உரசிக்கொண்டு போனதை ஆட்டோக்காரர் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்து, ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது உள்ளங்கால் இரண்டும் கொப்புளித்திருந்தன. நான் கிட்டே போனதும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

மருத்துவமனையில் சேர்த்தோம். சென்னையில், உள்நோயாளியாக, பல வாரம். இனி எங்கள் ஊர் மருத்துவமனையிலேயே காட்டச் சொல்லி அனுப்பினார்கள். டாக்டரம்மா மாற்றலாகிப் போயிருந்தார். புது டாக்டர் நடுவயது, அமைதியானவர். அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் நாங்கள் கொண்டுபோகும் தம்பியின் மருத்துவ நோட்டைப் புரட்டினார். கையை நீட்டச் சொன்னார். பத்து விரலும் ஆடின.

"இந்த நடுக்கம் எப்போலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே இருக்குதுங்க" என்றேன்.

"முதல்லேர்ந்தா? நோட்டுல எதுவுமே இல்லையே. நீங்க சொல்லலையா? இது இந்த மாத்திரையால சில பேருக்கு வர்றதுதான். இதைக் குறைக்கறதுக்கும் மாத்திரை இருக்கு. இங்கயே கொடுக்கிறோம்."

அவர் அதைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த மாத்திரையின் பேரை எழுதிக்கொண்டே சொன்னார். இருந்திருக்கிறது. அதே கட்டடத்தில், இலவசமாக, நான் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஒரு வாய் வார்த்தை. என் தம்பியின் கை நடுங்குகிறது என்கிற ஒரு வார்த்தை.

டாக்டர் தம்பியைப் பார்த்துக் கேட்டார். "இவ்வளவு நல்லா இருந்துட்டு எப்படி இப்படி ஆச்சு? நடுவுல மாத்திரையை விட்டுட்டீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் வரவில்லை.

"ஆமா சார்" என்றான் தம்பி. "நான்தான் சார் சரியா போடல."

டாக்டர் தலையை ஆட்டினார். இந்தப் பதிலை அவர் எத்தனை பேரிடம் கேட்டிருப்பாரோ. "அப்படிச் செய்யக் கூடாதுப்பா. ஒவ்வொரு தடவை இப்படித் திரும்பி வரும்போதும் சரியாகறதுக்கு இன்னும் அதிக நாள் ஆகும். அக்கா பாவம் இல்லையா?" என்றார். பிறகு நோட்டில் எழுதினார். நோயாளி மாத்திரையைச் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை என்று.

வெளியே வந்து தாழ்வாரத்தில் அவனை நிறுத்தினேன். எதற்கு அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவன் சீட்டு வாங்கும் வரிசையைப் பார்த்தான்.

"முழு மாத்திரை கசக்காதுக்கா" என்றான். "மேல பூச்சு இருக்குது இல்ல. உடைச்சா, உடைச்ச பக்கம் கசக்கும்."

"உனக்குத் தெரியுமா?"

"மொத நாள்லேர்ந்து தெரியும்."

"அப்ப ஏன்டா கேக்கல?"

"சேலை முடியணும்னு நீ ஆசைப்பட்டியே" என்றான். "எனக்கும் அப்போ கை நல்லாதானே இருந்துச்சு."

அவ்வளவு பேர் நடுவில் அவன் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அவன் என் முதுகைத் தட்டிக்கொடுத்தான். தட்டிய கை நடுங்கியது.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. புது மாத்திரையில் நடுக்கம் பெரும்பகுதி நின்றுவிட்டது. டாக்டர் சொன்னது சரிதான், பழைய தம்பி திரும்பி வர நாள் பிடிக்கிறது. கோபம் இல்லை, பயம் இல்லை, சுவர் பேசுவதில்லை. ஆனால் உப்பில்லாத குழம்பையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிடுகிறான். இப்போது நான் தறியில் உட்கார்கிறேன், அவன் பக்கத்தில் இருந்து கரைக்கு நாடா போடுகிறான். நாங்கள் யாரைப் பார்க்கப் போகிறோம் என்று தெருவில் கேட்பவர்களுக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். இதுவரை மூன்று வீட்டுக்காரர்கள், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, எந்த நாள், எந்த அறை என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். கை நடுங்கினாலும், வாய் உலர்ந்தாலும், எதுவானாலும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறேன். அவ்வளவு புத்தி சொல்கிறவள், தான் செய்ததை இதுநாள்வரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் வேறொரு டாக்டர் உட்கார்ந்திருந்தார், பயிற்சிக்கு வந்த சின்னப் பெண். நோட்டைத் திறந்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது அந்த வரிதான். யார் புதிதாக வந்தாலும் அதுதான் படுகிறது. "மாத்திரையை நிறுத்தக் கூடாது, சரியா? முன்னாடி நிறுத்தியிருக்கீங்க" என்று, தன்னைவிடப் பத்து வயது பெரியவனிடம், குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"சரிங்க மேடம்" என்றான் அவன்.

நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன். "அம்மா, அந்த நோட்டுல எழுதியிருக்கறது..." என்று ஆரம்பித்தேன். இந்த முறை சத்தம் வந்தது.

தம்பி எழுந்து நோட்டை எடுத்து மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"வாக்கா" என்றான். "பின்னால நெறைய பேரு காத்துக்கினு இருக்காங்க."